யூனிட் டூ இன்னும் வணக்கம் சொல்லவில்லை

திரையில் மேலே இருந்த மூன்று வரிகள் பச்சையாகிவிட்டன. நான்காவது வரி மட்டும் மஞ்சளிலேயே நின்றது. உமாதேவி டீயை வாங்கி, ஆறவிட்டு, ஆறியதைக் குடித்தும் முடித்துவிட்டாள். மஞ்சள் அசையவில்லை. பிறகு திடீரென்று சிவந்தது. சிவந்த மறுநிமிடம், பச்சையாக நின்ற மூன்று வரிகளும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் திரையில் ஒன்றுமே இல்லை.

"போச்சா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"போச்சு சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான் சார்."

கேட்டவர் வரதராஜுலு, ஐ.டி. மேனேஜர். கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் அவருக்கு இரண்டு வைத்தியம் தெரியும். முதலில் அணைத்துவிட்டுப் போடுவார். அதற்கும் கேட்காவிட்டால் உமாதேவியைக் கூப்பிடுவார். இன்று நேரடியாக இரண்டாவதிலேயே தொடங்கியிருந்தார்.

அது ஒரகடத்தில் கார் சீட் பெல்ட்டுக்குக் கொக்கி செய்யும் கம்பெனி. யார் எப்போது உள்ளே வந்தார், யாருக்கு மதியம் சாப்பாடு, யார் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் இப்போது கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களில்தான் ஓடுகிறது. உமாதேவிக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் அதையெல்லாம் கையால் ஒவ்வொன்றாகக் கட்டி வைத்துவிட்டு, எப்படிக் கட்டினேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் பெங்களூருக்குப் போய்விட்டார். உமாதேவி வந்துதான் அவ்வளவையும் பிரித்துப் பார்த்து ஒரே டெம்ப்ளேட்டாக எழுதினாள். என்னென்ன வேண்டும், எது எதற்குப் பிறகு வர வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். யூனிட்டின் பெயருக்கு மட்டும் காலி இடம். பெயரைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும். நெட்வொர்க், சர்வர், ஆள் விவரப் பெட்டி, வாசல் மிஷின் தொடர்பு, வருகைப் பதிவு, கேன்டீன், பஸ் என்று அத்தனையும் தானாக வரிசையாக எழும்பி நிற்கும். எழும்பி நிற்கும் அந்த மொத்தத்துக்கும் ஸ்டாக் என்று பெயர்.

"இட்லித் தட்டு மாதிரின்னு சொல்லு" என்றார் வரதராஜுலு, அவள் முதன்முதலில் விளக்கியபோது. அன்றிலிருந்து எந்த மீட்டிங்கிலும் அவர் டெம்ப்ளேட் என்று சொன்னதில்லை. "உமாவோட இட்லித் தட்டு ரெடியா கீது சார்" என்றுதான் சொல்வார்.

இன்று அந்தத் தட்டில் யூனிட் டூவை வார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் டைரக்டர் வெளிநாட்டு வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மீட்டிங் அறைத் திரையில் யூனிட் டூ பச்சையாக ஜொலிக்க வேண்டும் என்பது உத்தரவு. உமாதேவியின் வேலை நிரந்தரம் ஆவதும் இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "இத்த முடிச்சிக் குடு, அடுத்த வாரமே கன்ஃபர்மேஷன்" என்று வரதராஜுலு சொல்லியிருந்தார்.

"எங்க நிக்குது?" என்றார் இப்போது.

"வாசல் மிஷின்ல சார். யூனிட் டூ கேட்ல வெச்சிருக்கிற மிஷின், 'நான் வந்துட்டேன்'னு ஒரு வணக்கம் சொல்லணும். அது சொன்னாத்தான் மிச்சது எழும்பும். குறிச்ச நேரத்துக்குள்ள சொல்லலைன்னா, அதுவரைக்கும் கட்டினதையும் பிரிச்சிடும்."

"அப்படி எவன் எழுதினான்?"

"நான்தான் சார்."

"ஏம்மா?"

"மிஷினே இல்லாத எடத்துல வருகைப் பதிவு எதுக்கு சார்?"

வரதராஜுலு யோசித்தார். "டைம் கம்மியா குடுத்துட்டே. மிஷின் புதுசு இல்ல? கூச்சமா இருக்கும். இன்னும் கொஞ்சம் குடு."

மிஷினுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, உமாதேவி மறுபடி தட்டினாள். அது ஓடத் தொடங்கியதும் புராஜெக்ட் பிரிவில் இருக்கும் உதயசூரியனுக்குப் போன் போட்டாள்.

"சார், யூனிட் டூ கேட்ல மிஷின் மாட்டியாச்சா?"

"மாட்டியிருப்பாங்க மேடம்" என்றார் உதயசூரியன், கொஞ்சமும் தயங்காமல்.

"கரண்ட் இருக்குதா?"

"கரண்ட் இல்லாம எப்படி மேடம் ஃபேக்டரி ஓடும்?"

"இல்ல சார், நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களான்னு கேக்கறேன்."

"நான் யூனிட் ஒன் ஆளு மேடம். அங்க வேற ஆளு."

"அவர் நம்பர் குடுங்களேன்."

"அவரு இன்னும் ஜாயின் பண்ணலன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மஞ்சள் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று, வழக்கம்போலவே சிவந்தது. மூன்று பச்சைகளும் அழிந்தன. முன்பு சீக்கிரமாக நடந்தது இப்போது நிதானமாக நடந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்போது மனிதவளப் பிரிவிலிருந்து சசிரேகா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"உமா, யூனிட் டூவை மூடிட்டாங்களாமே?"

"யாரு சொன்னது?"

"நீதான்! மெயில் வந்திருக்குது பாரு. காலையில 'யூனிட் 2 உருவாகிறது'ன்னு வந்துச்சு. அப்புறம் 'யூனிட் 2 நீக்கப்பட்டது'. மறுபடி 'உருவாகிறது'. இப்ப மறுபடி 'நீக்கப்பட்டது'. லைன்ல எல்லாரும் கையைக் கட்டிக்கினு நிக்கறாங்க. அங்க டிரான்ஸ்ஃபர் ஆகப்போறவங்க எல்லாம் என் டேபிளைச் சுத்தி நின்னுக்கினு அழுவுறாங்க."

உமாதேவி மெல்லத் திரும்பி வரதராஜுலுவைப் பார்த்தாள். ஸ்டாக்கில் என்ன நடந்தாலும் மெயில் போகும். யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று டெம்ப்ளேட் கேட்கும். அவள் தன் பெயரை மட்டும் போட வைத்திருந்தாள். "நாம இன்னா வேலை செய்யிறோம்னு கம்பெனிக்குத் தெரிய வேணாமா? எல்லாரையும் போடு" என்று சொன்னவர் அவர்.

"தெரிஞ்சிடுச்சு சார்" என்றாள் உமாதேவி.

"நீக்குறதாலதானே இந்த வம்பு?" என்றார் வரதராஜுலு, அசராமல். "நீக்காத மாதிரி பண்ண முடியாதா?"

முடியும். தோற்றாலும் பிரிக்காதே, அப்படியே விடு என்று ஒரு தேர்வு உண்டு. கோளாறு எங்கே என்று உள்ளே புகுந்து பார்ப்பதற்காக வைத்திருப்பது. உமாதேவிக்கு மனமில்லை. ஆனால் சசிரேகாவின் முகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அதைத் தேர்ந்தெடுத்துத் தட்டினாள்.

மூன்று பச்சை. ஒரு மஞ்சள். சிவப்பு. இந்த முறை எதுவும் மறையவில்லை. யூனிட் டூ, பாதி கட்டிய வீடு மாதிரி நின்றது.

"பாத்தியா, நிக்குது!" என்றார் வரதராஜுலு.

"நிக்குது சார். ஆனா மேலயும் ஏறாது, கீழயும் எறங்காது. மறுபடி மொதல்லேர்ந்து போட்டா, 'இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது'ன்னு சொல்லிடும். இதை அழிச்சாத்தான் புதுசு."

"அப்போ அழி."

அழிக்கச் சொன்னாள். சர்வர் போயிற்று. நெட்வொர்க் போக மறுத்தது. ஆள் விவரப் பெட்டி தன்மேல் நிற்பதால் போக முடியாது என்றது. ஆள் விவரப் பெட்டியோ, தான் காலியாக இல்லாததால் போக முடியாது என்றது.

"காலியா இல்லையா?" உமாதேவி திரைக்குக் கிட்டே குனிந்தாள். "இப்பதானே பொறந்துச்சு! அதுக்குள்ள யாரு உள்ள போனாங்க?"

சசிரேகாவுக்குப் போன் போட்டாள்.

"நான்தான்பா" என்றாள் சசிரேகா பெருமையாக. "இந்தவாட்டி 'நீக்கப்பட்டது'ன்னு மெயில் வரல இல்ல? சரி, நெஜமாவே ஆரம்பிச்சுட்டாங்கன்னு, டிரான்ஸ்ஃபர் ஆளுங்களை எல்லாம் யூனிட் ஒன்லேர்ந்து எடுத்து யூனிட் டூல போட்டுட்டேன். எல்லாரும் சாக்லெட் வாங்கிக் குடுத்தாங்க. உனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

"எடுத்துட்டியா? ஒன்லேர்ந்து எடுத்தே எடுத்துட்டியா?"

"ஏன், எடுக்கக் கூடாதா?"

பதில் சொல்வதற்குள் உமாதேவியின் மேஜையிலிருந்த இன்னொரு போன் அடித்தது. வாசல் செக்யூரிட்டி அருள்பாண்டி. தூத்துக்குடிக்காரர், கோபம் வந்தாலும் மரியாதை குறையாமல் பேசுகிறவர்.

"மேடம், கொஞ்சம் கேட்டுப் பக்கம் வாறீங்களா? இங்கன ஒரு பொம்பளப்புள்ள சுத்துக்கதவுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. வெளிய விடவும் மாட்டேங்கு, உள்ள விடவும் மாட்டேங்கு. கார்டைக் காட்டுனா, 'நீங்கள் யூனிட் 2'ன்னு சொல்லுது மேடம்."

மாட்டிக்கொண்டிருந்தவள் ரஞ்சனி, கொக்கி லைனில் வேலை செய்பவள். வயலுக்கு நடுவே இருந்த தன் ஊர் ஃபேக்டரிகளுக்கு நடுவே ஆன பிறகு வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தி. இரும்புக் கம்பிகளுக்கு இடையில் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மதிய ஷிஃப்ட் வெயிலில் வரிசை கட்டியிருந்தது.

"இன்னா மேடம் இது?" என்றாள் உமாதேவியைப் பார்த்ததும். "காலையில இல்லன்றீங்க, அப்பால கீதுன்றீங்க. யூனிட் டூக்குப் போன்னு மிஷின் சொல்லுது. போறேன் மேடம், நான் மாட்டேன்னா சொன்னேன்? சிங்கப்பெருமாள் கோவில்ல எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சா நேரா வூட்டு வாசல்ல வுடுற மாதிரி வுட்டுடுவான்னு சொல்றாங்க. ஆனா இந்தக் கம்பியை வுட்டு வெளிய வந்தாத்தானே போவ முடியும்?"

"சிங்கப்பெருமாள் கோவில் இல்ல, வல்லம் வடகால்" என்று வரிசையிலிருந்து ஒருவர் திருத்தினார்.

"படப்பைக்கு அந்தாண்டன்னு எங்க சூப்பர்வைசர் சொன்னாரு" என்றார் இன்னொருவர்.

உமாதேவிக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ள நேரமில்லை. அருள்பாண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்துக் கம்பியை நெம்பி ரஞ்சனியை வெளியே எடுத்தார்கள். ரஞ்சனியின் சாப்பாட்டு டப்பா உள்ளே விழுந்தது. அது யூனிட் ஒன்னைச் சேர்ந்ததோ என்னவோ, யாரும் தடுக்கவில்லை.

உமாதேவி மேலே ஓடி வந்தபோது வரதராஜுலு முகம் மலர உட்கார்ந்திருந்தார்.

"உமா, ஒரு ஐடியா. யூனிட் டூ மிஷின் வணக்கம் சொல்லலை. சரி, வுடு. நம்ம யூனிட் ஒன் மிஷின் நல்லா பேசுது இல்ல? அத்த வுட்டுச் சொல்லச் சொல்லு."

"அது எப்படி சார்? அது யூனிட் ஒன்னுது."

"ஒரே ஒரு வணக்கம்தானேம்மா? பக்கத்து வூட்டுக்காரன் வந்து கையெழுத்துப் போடறதில்லையா?"

"அதோட பேரை மாத்தணும் சார். இங்க கேட்ல குழப்பம் ஆயிடும்."

"டைரக்டர் வண்டி படப்பை தாண்டிடுச்சாம்" என்றார் வரதராஜுலு.

உமாதேவி நாற்காலியில் உட்கார்ந்தாள். சசிரேகாவிடம் சொல்லி யூனிட் டூ பெட்டியிலிருந்த பெயர்களை எல்லாம் எடுத்து மறுபடி யூனிட் ஒன்னிலேயே போடவைத்தாள். பெட்டி காலியானதும் பாதி யூனிட் டூ முனகாமல் அழிந்தது. 'யூனிட் 2 நீக்கப்பட்டது' என்று எல்லாருக்கும் மெயில் போனது. கீழே லைனிலிருந்து ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. அவள் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக மறுபடி தட்டினாள். கூடவே, கீழே கேட்டில் இருந்த மிஷினின் பெயரை யூனிட் டூ என்று மாற்றினாள்.

மூன்று பச்சை. நான்காவது வரி மஞ்சளாகி, இமைப்பதற்குள் பச்சையானது. வணக்கம் வந்துவிட்டது! அதற்காகவே காத்திருந்ததுபோல வருகைப் பதிவு பச்சை, கேன்டீன் பச்சை, பஸ் பச்சை. கடைசியில், 'ஸ்டாக் முழுமையாக உருவானது' என்ற வரியும், திரையில் காட்டுவதற்கான முகவரியும் வந்து விழுந்தன. காலையிலிருந்து முதல் தடவையாக உமாதேவி சிரித்தாள்.

"நான் சொல்லல?" என்றார் வரதராஜுலு.

போன் அடித்தது.

"மேடம்" என்றார் அருள்பாண்டி, அதே மரியாதையோடு. "இப்பம் ஒருத்தரையும் விட மாட்டேங்கு. வேலைக்கு வந்தவுக எல்லாத்தையும் 'நீங்கள் யூனிட் 1, இது யூனிட் 2'ன்னு சொல்லித் திருப்பி அனுப்புது. அதுகூடப் பரவால்ல. டைரக்டர் ஐயா வண்டி வந்து நிக்குது. தடுப்புக்கட்டை தூக்க மாட்டேங்கு. ஐயா கண்ணாடியை எறக்கிட்டு, 'என் வண்டி இந்தக் கம்பெனியைச் சேர்ந்ததில்லையா?'ன்னு கேக்காரு. நான் என்ன சொல்லட்டும்?"

உமாதேவி படியில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று பின்தங்கியது. அவள் போய்ச் சேர்ந்தபோது அருள்பாண்டி தீர்வு கண்டிருந்தார். மிஷினின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தடுப்புக்கட்டையைத் தோளில் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். வண்டி உள்ளே போயிற்று. பின் இருக்கையிலிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதை வரவேற்பின் ஒரு பகுதி என்று எண்ணிக் கைதட்டினார். மதிய ஷிஃப்ட்டும் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்வலம்போல உள்ளே போயிற்று. ரஞ்சனி தன் டப்பாவைப் பொறுக்கிக்கொண்டாள்.

நல்லவேளை, ஸ்டாக் ஒருமுறை முழுமையானபின் வணக்கத்தைத் திரும்பக் கேட்காது. உமாதேவி பிளக்கை மறுபடி சொருகி, மிஷினுக்குப் பழைய பெயரையே கொடுத்தாள். யூனிட் ஒன் ஆட்கள் யூனிட் ஒன்னுக்குள் வரத் தொடங்கினார்கள். யூனிட் டூ அசையாமல் பச்சையாகவே நின்றது. அவள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மீட்டிங் அறையில் பெரிய திரை முழுக்கப் பச்சை. வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். டைரக்டர் உட்காரவே இல்லை. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொண்டே இருந்தார். விருந்தினர்கள் காபிக்கு நகர்ந்ததும் அவர் நேராக உமாதேவியிடம் வந்தார்.

"நீங்கதானே இதைப் பண்ணினது? பிரமாதம்மா. வரதராஜுலு சொன்னாரு, ஏதோ இட்லித் தட்டாமே?"

"டெம்ப்ளேட் சார்" என்றாள் உமாதேவி. வரதராஜுலு பின்னாலிருந்து, ஒன்றும் சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினார். ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அவளுக்கு இனியும் அடங்குவதாக இல்லை. வேலை நிரந்தரமானால் ஆகட்டும், போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். இது அரைகுறை. யூனிட் டூ கேட்ல இருக்கிற மிஷின் ஒரு வார்த்தை பேசல. இங்க இருக்கிற மிஷினை வெச்சு நான்தான் பொய் சொல்ல வெச்சேன். அதனாலதான் உங்க வண்டி நின்னுச்சு. மிஷின் மாட்டியாச்சான்னு யாரைக் கேட்டாலும் மாட்டியிருப்பாங்கன்னுதான் சொல்றாங்களே தவிர, பாத்தேன்னு ஒருத்தரும் சொல்லல. நாளைக்கு நானே நேர்ல போறேன் சார். அதுக்கு என்ன கேடுன்னு என் கண்ணால பாத்துட்டு வந்துடறேன். யூனிட் டூவுக்கு எப்படிப் போகணும்னு மட்டும் சொல்லுங்க."

வரதராஜுலு கண்ணை மூடிக்கொண்டார்.

டைரக்டர் கோபப்படவில்லை. காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, அவள் தோளைத் தட்டிக்கொடுக்காத குறையாகச் சிரித்தார்.

"அட, ஏம்மா பறக்கறீங்க? நீங்க இவ்ளோ சீக்கிரம் முடிச்சுடுவீங்கன்னு நானே எதிர்பார்க்கல. தை பொறக்கட்டும், நல்ல நாளா பாத்து எடம் தேட ஆரம்பிக்கலாம்."